வெயில் பால்

காலை மணி 7.20 இருக்கும். வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கையை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை பதிவானால் அது முதல் நிலை எச்சரிக்கை. 2024 ஏப்ரல் மாதம் அது. எல் நினோ வெயிலில் நாட்டின் பல இடங்கள் அந்தப் பட்டியலில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. "தண்ணி நிறைய குடிங்க, குடையை மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பாட்டு தொடங்க இன்னும் இருபது வினாடி இருந்தது. காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு அந்த இருபது வினாடி பெரிய ஆபத்து. எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும்.

நான் நிரப்பினேன்.

"வெயில் ஏற ஏற பால்காரங்களுக்கும் தாகம் வந்துடுச்சு போல. எங்க வீட்டுக்கு வர்ற ஆட்டுப்பால்ல இப்பல்லாம் பாதிக்குப் பாதி தண்ணி. ஆடு குடிச்ச தண்ணியா, அண்ணன் கலந்த தண்ணியான்னுதான் தெரியல!"

பக்கத்தில் இருந்த சக அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆடு கத்தும் ஒலி ஒன்றைத் தட்டிவிட்டார். பாட்டு தொடங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் புலனத்தில் குறுஞ்செய்திகள் கொட்டின. "எங்க ஊரு பால்காரரும் அப்படித்தான்", "தண்ணியில பால் கலக்குறாங்க சிஸ்டர்" என்று ஆளுக்கொரு கதை. நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் வந்து, "இன்னிக்கு அந்த ஆட்டுப்பால் ஜோக் நல்லா எடுபட்டுச்சு" என்றார். நானும் மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்த 'அண்ணன்' என் சொந்தச் சித்தப்பா. என் அப்பாவின் தம்பி.

அவர் பந்திங்கைத் தாண்டி ஓர் ஒதுக்குப்புறத்தில் ஆடு வளர்க்கிறார். லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் எட்டு ஆடுகளோடு தொடங்கியது. இப்போது கறவையில் மட்டும் பதினெட்டு. பாலைக் கறந்து, வடிகட்டி, காய்ச்சி, சின்னப் போத்தல்களில் ஊற்றி உறைய வைத்து, சனிக்கிழமைதோறும் ஐஸ் பெட்டியோடு கிள்ளானுக்குக் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் என் ஆறு வயது மகனுக்கு அந்தப் பால்தான். மீதியில் என் மாமியார் தயிர் உறைய வைப்பார். தொடக்கத்தில் சித்தப்பாவின் பாலை முகநூலில் எழுதி, எங்கள் வட்டாரத்தில் பதினோரு வீடுகளைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அதனால் வானொலியில் நான் பெயரைச் சொல்லாவிட்டாலும், யாருடைய பாலைச் சொன்னேன் என்பது அந்தப் பதினோரு வீட்டுக்கும் தெரியும்.

இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரமாக வீட்டில் நடந்ததுதான் மனதில் இருந்தது. ஆட்டுப்பால் தயிர் மாட்டுப்பால் தயிரைப் போலக் கெட்டியாக உறையாது. ஆனாலும் அத்தையின் கைப்பக்குவத்தில் அது கரண்டியில் நிற்கும். அந்த இரண்டு வாரமும் நிற்கவில்லை. மேலே நீர் மிதந்தது, அடியில் குழகுழவென்று ஏதோ கிடந்தது. முதல் வாரம் அத்தை உறையைக் குறை சொன்னார். இரண்டாம் வாரம் புது உறை ஊற்றிப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. பிறகு, என்னை நேராகப் பார்க்காமல் சட்டியைக் கழுவிக்கொண்டே, "உங்க சித்தப்பா நல்ல மனுசன்தான். வெயில் நேரம், பால் பத்தலன்னா என்னதான் பண்ணுவாரு" என்றார்.

புகுந்த வீட்டில் பிறந்த வீட்டைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சித்தப்பாமேல் கோபம் வந்தது. அவரிடம் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காத கேள்வி, சொல்லக்கூடாத இடத்தில் நகைச்சுவையாக வெளியே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பால் வரவில்லை. வண்டி பழுதாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் சித்தியே அழைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

"பாப்பா, கொட்டகையில காலையில ஒன்னோட புரோகிராம்தான் ஓடும், தெரியுமில்ல? நீ வேலைக்குச் சேந்த நாள்லேருந்து அப்படித்தான். இப்ப ரேடியோவ அணைச்சு வச்சிருக்காரு. ஏழு வீட்டுக்காரங்க பால் வேணாம்னுட்டாங்க. அவரு ஒன்னும் சொல்லல. ஆனா சாப்பாடு சரியா இறங்கல."

அன்று மதியமே கிளம்பினேன். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இரு பக்கமும் செம்பனை. தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அவருக்கு நான்கு மாடுகள் இருந்தன. அப்போது அது ரப்பர் காடு. மாடுகள் நாள் முழுக்க மர நிழலில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானாகத் திரும்பும் என்று அப்பா சொல்வார். தாத்தாவின் பால் தண்ணீராக இருந்தது என்று யாரும் சொன்னதில்லை என்றும் பெருமையாகச் சொல்வார். காரை ஓட்டிக்கொண்டே இதை நினைத்தபோது, நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது முதல்முறையாக முழுதாகப் புரிந்தது. பாலில் தண்ணீர் கலந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் சின்னச் சொல் அன்று.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. நல்ல உச்சி வெயில். சித்தப்பா கொட்டகையில் இருந்தார். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்து, மேலே துத்தநாகத் தகடு போட்ட கொட்டகை. நம் ஊரில் ஆட்டுக் கொட்டகைகள் பெரும்பாலும் அப்படித்தான். சாணமும் மூத்திரமும் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும். தூணில் ஆணியில் மாட்டிய சிவப்பு ரேடியோ சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா பாப்பா. சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல இங்க வா" என்று ஒரு வெள்ளை ஆட்டின் அருகே அழைத்துப் போனார். அது சானென் கலப்பு. சுவிட்சர்லாந்தில் சானென் என்ற பள்ளத்தாக்கிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பால் ஆடு. நன்றாகக் கறக்கும். என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தார்.

"ஒனக்குத்தான் வினாடி கணக்கு அத்துப்படியாச்சே. எத்தன மூச்சுன்னு எண்ணு."

முப்பது வினாடி எண்ணினேன். 54. அப்படியானால் நிமிடத்துக்கு 108. சாதாரணமாக ஓர் ஆடு நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும் என்றார். ஆட்டின் வாய் இலேசாகத் திறந்திருந்தது. கீழுதட்டில் எச்சில் வடிந்தது. தொட்டியில் நேப்பியர் புல் காலையில் போட்டபடியே கிடந்தது.

"பாரு, படுத்துக்கூட இல்ல. அசை போடவும் இல்ல. ஆடு அசை போடலன்னா பால் எங்கேருந்து வரும்?"

அந்த மதியம் கொட்டகையில் நின்றபடி சித்தப்பா எனக்குச் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். ஆட்டின் பெரிய வயிறு ஓர் அடுப்பு மாதிரி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. அந்த வேலையே சூட்டைக் கிளப்பும். நார் அதிகமுள்ள புல் என்றால் சூடும் அதிகம். வெளியே 36 டிகிரி, தலைக்கு மேல் கொதிக்கும் தகடு, வயிற்றுக்குள் ஓர் அடுப்பு. இந்த நிலையில் ஆடு செய்யக்கூடியது ஒன்றுதான். அடுப்பைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, தின்பதைக் குறைக்கும். அதிலும் முதலில் புல்லைத்தான் ஒதுக்கும்.

பாலின் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பங்கு அந்தப் புல்லின் நார் வயிற்றில் நொதித்துத்தான் கிடைக்கிறது. புல் குறைந்தால் கொழுப்பு குறையும். அசை போடும்போது ஊறும் எச்சில்தான் வயிற்றின் புளிப்பைச் சமன் செய்கிறது. அசை நின்று, எச்சில் வாய்வழியே வடிந்து வீணானால் வயிறு புளிக்கும். அது கொழுப்பை இன்னும் குறைக்கும். மடிக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு, உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்குத் திரும்பிவிடும். தீனி போதாமல் போனதால் புரதமும் குறையும். கேசின் என்ற அந்தப் புரதம்தான் பாலைத் தயிராகக் கட்டிப் பிடிப்பது. அத்தையின் சட்டியில் காணாமல் போனது அதுதான்.

"அப்ப தண்ணி?" என்று கேட்டேன்.

"பால்ல எப்பவுமே நூத்துக்கு எம்பத்தேழு பங்கு தண்ணிதான் பாப்பா. மத்தது கொறஞ்சா தண்ணிதான் கண்ணுக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் தண்ணி கலக்கறது வாஸ்தவந்தான். பால்ல இல்ல. ஆட்டுக்கு. நாளுக்கு நாலு வாட்டி தொட்டியக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்தறேன். அப்படியும் பத்தல."

அப்போதுதான் என்னிடம் இருந்த கேள்வியைக் கேட்டேன். "சித்தப்பா, இதை நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "வெயில்ல பால் தண்ணியாயிடுச்சும்மான்னு ஒரு பால்காரன் சொன்னா நீ நம்பியிருப்பியா? ஒங்க மாமியார் நம்பியிருப்பாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் நம்பியிருக்க மாட்டேன். பால்காரர்களைப் பற்றி நமக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். கெட்டியாக இருந்தால் மாவு கலந்தார், நீர்த்திருந்தால் தண்ணீர் கலந்தார். மாடோ ஆடோ ஓர் உயிர், அதற்கும் வெயில் அடிக்கும் என்பது அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை.

வீடு திரும்பியதும் படிக்க உட்கார்ந்தேன். ஊடகம் படித்தவளுக்குத் தகவலைச் சரிபார்த்த பிறகு பேச வேண்டும் என்று முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது மூன்று வாரம் தாமதமாக நினைவுக்கு வந்தது. நம் நாட்டு ஆடுகளைப் பற்றித் தேடினால் அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தாலியில் பெரும்பாலும் செம்மறி ஆடுகளை வைத்து. அங்கே செம்மறிப் பால் பெரிய தொழில். சார்டினியா தீவில் மட்டும் ஏறத்தாழ முப்பது இலட்சம் செம்மறிகள் உள்ளன, மனிதரைவிட அதிகம். பெக்கோரினோ ரொமானோ என்ற பாலாடைக்கட்டியில் மிகப் பெரும்பங்கு அந்தத் தீவில்தான் செய்யப்படுகிறது.

செம்மறிப் பால் மாட்டுப் பாலைவிடவும் வெள்ளாட்டுப் பாலைவிடவும் கெட்டி. கொழுப்பு மட்டும் 7 விழுக்காடு அளவுக்கு இருக்கும். அதை யாரும் அதிகம் அப்படியே குடிப்பதில்லை, பாலாடைக்கட்டிக்குத்தான் போகும். எனவே கொழுப்பும் கேசினும் கொஞ்சம் இறங்கினாலும் தொட்டியில் உடனே தெரிந்துவிடும். கட்டி சரியாக உறையாது, கிடைக்கும் எடையும் குறையும். அத்தையின் தயிர்ச் சட்டியில் நடந்ததுதான் அங்கே பெரிய அளவில் நடக்கிறது.

சிசிலித் தீவின் பெலிச்சே பள்ளத்தாக்குச் செம்மறிகளைப் பற்றி 2005இல் வந்த ஓர் ஆய்வு என்னை நிறுத்தியது. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு உண்டு. அது ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் ஓர் ஆடு ஒரு நாளில் தரும் பால் 60 கிராமுக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. கவனியுங்கள், வெப்பம் மட்டும் இல்லை, ஈரமும் சேர்த்து. ஆடு வேகமாக மூச்சு விடுவதே உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கத்தான். நம் ஊரில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவியாக இடம் வேண்டாமா? அங்கேயாவது இரவில் குளிரும். பகலில் பட்டதை ஆடு இரவில் தணித்துக்கொள்ளும். இங்கே நள்ளிரவிலும் 25 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை.

ஸ்பெயினில் பார்சலோனா பல்கலைக்கழகம் ஒன்றில் கறவைக் காலத்தின் பிற்பகுதியில் இருந்த வெள்ளாடுகளை வெப்ப அறையில் வைத்துச் செய்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கன்னம் சுட்டது. அந்த ஆடுகள் தந்த பாலின் அளவு பெரிதாக மாறவில்லை. பாலில் இருந்த புரதம்தான் குறைந்தது. அதாவது, போத்தல் அதே அளவு நிறையும், உள்ளே இருப்பது மட்டும் மெலிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்படியே தண்ணீர் கலந்த பால்தான்.

இரண்டையும் பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. பால் உறையும் வெப்பநிலையை அளப்பது. தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும். பாலில் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்புகளும் அதை அரை டிகிரிக்குச் சற்றுக் கீழே இழுத்துவிடும். வெயிலில் கொழுப்பும் புரதமும் குறைந்தாலும் இந்த அளவு பெரும்பாலும் அசையாது. தண்ணீர் கலந்தால் பூஜ்ஜியத்தை நோக்கி நகரும். வெறும் அடர்த்தி பார்க்கும் பால்மானியால் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உற்சாகமாகச் சித்தப்பாவுக்கு அழைத்தேன். "ஒரு போத்தலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம் சித்தப்பா. ரிப்போர்ட்ட எல்லாருக்கும் காட்டிடலாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஆடுகளின் சத்தம் மட்டும் கேட்டது. "ஒனக்கு வேணும்னா செய் பாப்பா. எனக்கு வேணாம்" என்றார்.

நான் செய்யவில்லை. அவருக்காகச் செய்வதாக நினைத்தேன். ஆனால் அதுவும் 'நிரூபித்துக் காட்டுங்கள்' என்று இன்னொரு முறை சொல்வதுதான் என்பது போனை வைத்த பிறகே புரிந்தது. நிரூபிக்க வேண்டியவர் அவர் இல்லை.

அதற்குப் பதிலாக, படித்ததில் அவருக்கு உதவக்கூடியதை எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். தெற்கு இத்தாலியில் ஃபோஜா வட்டாரத்தில் 2001இல் கொமிசானா செம்மறிகளை வைத்து நிழலையும் தீனி நேரத்தையும் சோதித்திருந்தார்கள். வெயிலில் நின்ற ஆடுகளைவிட நிழலில் நின்றவை நன்றாக இருந்தன. இது எதிர்பார்த்ததுதான். தீனியைக் காலையில் போடாமல் பிற்பகல் கடந்து போட்டதும் பலன் தந்திருக்கிறது. காரணம் எளிது. தின்ற சில மணி நேரத்தில்தான் வயிற்றின் அடுப்பு உச்சத்துக்குப் போகும். காலையில் தின்றால் அந்த உச்சம் மதிய வெயிலோடு சேர்ந்துகொள்ளும். மாலையில் தின்றால் இரவோடு போய்விடும்.

சித்தப்பா பேசாமல் கேட்டார். "இத்தாலிக்காரனும் ஆட்டுக்காரன்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று மாலையிலிருந்து பெருந்தீனி மாலை ஆறு மணிக்கு. காலையில் கொஞ்சம் மட்டும். கறவையை விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் நகர்த்தினார். தகட்டுக் கூரைக்கு மேல் கறுப்பு நிழல்வலை கட்டினார். தகட்டுக்கும் வலைக்கும் நடுவே ஒரு முழம் காற்று போக இடம் விட்டார். பெரிய மின்விசிறி இரண்டு வாங்கினார். ஒன்றின் விலையை நான் கொடுக்க முயன்றேன். வாங்கவில்லை. கூரைமேல் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டார். ஆட்டின்மேல் தெளிக்கலாமே என்று கேட்டதற்கு, "ஏற்கெனவே ஈரக்காத்து. கொட்டகைய நனைச்சா மடி நோவு வரும்" என்றார். வெயில் காலத்தில் ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதும் மடியில் கிருமி ஏறுவதும் அந்த இத்தாலி ஆய்விலும் இருந்தது. அவர் அதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். கொட்டகையில் சானென் கலப்புகள் இரைத்துக்கொண்டிருந்தபோது, மூலையில் நின்ற நான்கு ஜம்னாபாரி ஆடுகள் ஓரளவு நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. வட இந்தியாவில் யமுனைக் கரையிலிருந்து வந்த இனம். தொங்கும் நீளக் காது. அந்தக் காதின் வழியாகவும் உடல் சூடு வெளியேறும். சானென் அளவுக்குக் கறக்காது, ஆனால் வெயிலைத் தாங்கும். "அடுத்து இதுல ரெண்டு கூட்டணும். பால் கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல, வருசம் முழுக்க நிக்கும்" என்றார் சித்தப்பா. சார்டினியாவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான செம்மறிகள் குளிர்காலத்தை ஒட்டிக் குட்டி போடும்; கோடை உச்சத்துக்கு வரும்போது கறவை நின்றுவிடும். வெயிலோடு மோதாமல் நாட்காட்டியையே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பன்னிரண்டு மாதமும் கோடை, பன்னிரண்டு மாதமும் சனிக்கிழமைக்குப் பால் வேண்டும்.

பின்பு எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

வானொலியில் சொன்னதை வானொலியில்தான் திருத்த வேண்டும். தயாரிப்பாளரிடம் கேட்டேன். "அதை யாரு இன்னும் ஞாபகம் வச்சிருக்கப் போறா? நாமே ஏன் கிளறணும்?" என்றார். ஏழு வீடுகள் ஞாபகம் வைத்திருக்கின்றன என்றேன். அவர் யோசித்துவிட்டு நாற்பது வினாடி கொடுத்தார்.

அதே 7.20. பின்னணி இசை வேண்டாம் என்றேன். எழுதி வைத்ததைப் படித்தேன். சில வாரங்களுக்கு முன் ஆட்டுப்பாலில் தண்ணீர் என்று நான் கேலி செய்ததையும், அது தவறு என்பதையும், வெயிலில் ஆடு தின்பது குறைந்தால் பாலே மெலியும் என்பதையும், அந்தப் பாலைத் தருபவர் ஒரு சொட்டும் கலக்காதவர் என்பதையும், கேட்காமல் பேசியது என் பிழை என்பதையும் சொன்னேன். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. பல ஆண்டுகளாக ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தவளுக்கு நாற்பது வினாடி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

நகைச்சுவைக்கு அன்று நூறுக்கு மேல் குறுஞ்செய்தி வந்தது. மன்னிப்புக்கு வந்தது ஒன்பது. அதில் ஒன்று, கூலிம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அனுப்பிய குரல் செய்தி. "எங்க மாடும் இப்படித்தாம்மா. இருபது வருசமா திட்டு வாங்கறேன். இன்னிக்கு எங்க வீட்டுக்காரிய கூப்பிட்டு ரேடியோவ கேக்க வச்சேன்" என்றார். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை ஐஸ் பெட்டி வந்தது. அத்தையே போய் வாசலில் வாங்கினார். "அண்ணே, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். சித்தப்பா உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார். இருவரும் பாலைப் பற்றிப் பேசவில்லை. தீபாவளிக்கு முறுக்கு மாவு எங்கே அரைப்பது என்று பேசினார்கள், தீபாவளிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

பால் உடனே பழையபடி கெட்டியாகிவிடவில்லை. மே மாதத்தில் மாலை மழை தொடங்கிய பிறகு தயிர் மெல்ல மெல்லக் கரண்டியில் நின்றது. ஏழு வீடுகளில் நான்கு திரும்பி வந்தன. மூன்று வரவில்லை. ஆடுகளிலும் அப்படித்தான். கொழுப்பு திரும்பியது, ஆனால் சில ஆடுகள் வெயிலில் இறங்கிய அளவிலேயே நின்று, நாளுக்கு முன்பே கறவை வற்றிவிட்டன. "இந்த ஈத்துல போனது போனதுதான் பாப்பா. அடுத்த ஈத்துல பாத்துக்கலாம்" என்று சித்தப்பா சொன்னார். அவர் ஆட்டைத்தான் சொன்னார். நான் அந்த மூன்று வீட்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதுச் சொல் புழங்குகிறது. வெப்ப எச்சரிக்கை வந்த வாரத்துப் பாலை அத்தை சட்டியில் ஊற்றும்போதே, "இது வெயில் பால். இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சணும்" என்பார். என் மகன் அதைப் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறான், அது ஏதோ கடையில் விற்கும் வகை என்று நினைத்து.

போன மாதம் ஒரு காலை, நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தேன். சித்தப்பாவிடமிருந்து பத்து வினாடிக் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம், வாளியில் பால் பீய்ச்சும் சத்தம், நடுவே ஓர் ஆட்டின் கனைப்பு. அதற்கெல்லாம் பின்னால், கொஞ்சம் கரகரப்பாக, அன்றைய வானிலையை வாசிக்கும் என் குரல்.